புதிய இயங்குதளத்துக்கு மாறலாமா? முடிவெடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

கணினித் திரையின் ஓரத்தில் புதிய இயங்குதளம் தயாராக இருக்கிறது என்ற அறிவிப்பு தோன்றியதும் சிலர் உடனே சம்மதம் தெரிவித்துவிடுகிறார்கள். வேறு சிலர் அதை மூடிவிட்டு, அடுத்த முறை தோன்றும்போதும் மூடி, ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். இரு தரப்பினரும் தங்கள் கணினியைப் பற்றிய முடிவை அந்த அறிவிப்பிடமே விட்டுவிடுகிறார்கள். அரை நாள் உட்கார்ந்து முறையாக விசாரித்தால் மாறுவதா, காத்திருப்பதா, மாறாமலே இருப்பதா என்பதற்குத் தெளிவான விடை கிடைத்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. அந்த அரை நாளில் எவற்றை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன். அதிகம் பேர் பயன்படுத்துவது விண்டோஸ் என்பதால் அதை விரிவாகவும், மேக், லினக்ஸ் ஆகியவற்றை அவை வேறுபடும் இடங்களில் மட்டும் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. மாதந்தோறும் வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் வேறு. ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்குப் போகும் மேம்படுத்தல் வேறு. யோசித்துச் செய்ய வேண்டியது இரண்டாவதை மட்டுமே. முதலாவதைத் தள்ளிப்போடுவதற்கு நல்ல காரணம் ஏறக்குறைய எதுவும் இல்லை. 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய வான்னகிரை என்ற, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பிணைத்தொகைத் தீம்பொருள், பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவை உட்படப் பல நிறுவனங்களின் கணினிகளை முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. தாக்குதலுக்கு உள்ளானவற்றில் பெரும்பாலானவை, அப்போதும் பாதுகாப்பு ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள். இயங்குதளம் பழையது என்பதைவிட, வந்த திருத்தம் இரண்டு மாதங்களாக நிறுவப்படாமல் கிடந்ததே அவற்றை வீழ்த்தியது. ஆகவே, மேம்படுத்தலைப் பற்றி எந்த முடிவை எடுத்தாலும், மாதாந்திரத் திருத்தங்களை நிறுத்திவைக்காதீர்கள்.

முதற்படி: உங்கள் பதிப்புக்குரிய கடைசி நாளைக் கண்டுபிடியுங்கள்

அமைப்புகள் பகுதியில் "சிஸ்டம்" என்பதன் கீழ் உள்ள "அபௌட்" பக்கத்தைத் திறந்தால், எந்த விண்டோஸ், அதில் எந்த வெளியீடு, 32 பிட்டா 64 பிட்டா (மென்பொருள் ஒரே நேரத்தில் கையாளும் தரவின் அளவைக் குறிக்கும் எண்) என்ற மூன்றும் தெரியும். மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த நாளோடு நிற்கின்றன என்று பாருங்கள். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 8.1க்கு 2023 ஜனவரி 10, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 ஆகியவை அந்த நாட்கள். விண்டோஸ் 10 வைத்திருக்கும் தனிநபர்களுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் என்ற பெயரில் 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு அவகாசம் அறிவிக்கப்பட்டது. அதில் சேர 22எச்2 (2022இன் இரண்டாம் பாதி) வெளியீடும் மைக்ரோசாப்ட் கணக்கும் தேவை. அந்த அவகாசத்தில் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும். புதிய வசதிகளோ பிற பிழைகளுக்கான தீர்வோ வராது.

அந்த நாள் கடந்த பிறகும் கணினி வழக்கம்போல இயங்கும். இதனால்தான் பலர், "ஒன்றும் ஆகவில்லையே" என்று நிம்மதியடைகிறார்கள். ஆனால் ஆபத்து வளரும் விதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். புதிய விண்டோஸும் பழைய விண்டோஸும் பெருமளவு ஒரே நிரல் பகுதிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. புதிய பதிப்புக்கு ஒரு திருத்தம் வெளியாகும்போது, தாக்க நினைப்பவர்கள் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் உள்ள கோப்புகளை ஒப்பிட்டு, எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதே ஓட்டை பழைய பதிப்பிலும் இருந்தால், அங்கே அதை அடைக்க ஆளில்லை. அதாவது, ஆதரவு முடிந்த கணினிக்கு ஒவ்வொரு மாதமும் புதிய ஆபத்துகள் சேர்கின்றன. ஏற்கெனவே சேர்ந்தவை நீங்குவதும் இல்லை. வைரஸ் தடுப்பு மென்பொருள் இந்த நிலையை ஓரளவு தணிக்கும், சரிசெய்யாது.

இயங்குதளத்தின் கடைசி நாளுக்குப் பின்னால் இன்னொரு கடைசி நாளும் வரும். அது உங்கள் உலாவிக்கு உரியது. கூகுள் குரோம், விண்டோஸ் 7, 8.1 ஆகியவற்றுக்கு வழங்கிய கடைசி வெளியீடு 109. 2023 பிப்ரவரியில் வந்த 110ஆம் வெளியீட்டிலிருந்து அவை கைவிடப்பட்டன. இணையத்தோடு நேரடியாகப் பேசும் மென்பொருள் உலாவிதான் என்பதால், என்னைக் கேட்டால், உலாவிக்கும் திருத்தம் நின்றுவிட்ட கணினியில் வங்கி வேலைகளைச் செய்யவே கூடாது.

புதிய பதிப்புக்கு வந்துவிட்டால் இந்தக் கணக்கு முடிந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். விண்டோஸ் 11இன் ஒவ்வோர் ஆண்டு வெளியீட்டுக்கும் வீட்டுப் பயன்பாட்டுப் பதிப்புகளில் 24 மாதங்களே ஆயுள். 24எச்2 வெளியீட்டுக்கு 2026 அக்டோபர் 13, 25எச்2 வெளியீட்டுக்கு 2027 அக்டோபர் 12 என்று நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் நீண்டகால ஆதரவு வெளியீடுகளுக்கு ஐந்தாண்டு, இடைப்பட்ட வெளியீடுகளுக்கு ஒன்பதே மாதம். ஆப்பிள் இத்தகைய நாட்களை முன்கூட்டி அறிவிப்பதில்லை. நடைமுறையில் அண்மைய மூன்று மேக்ஓஎஸ் பதிப்புகளுக்கு மட்டும் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வருகின்றன. இன்டெல் பிராசசர் கொண்ட மேக் வைத்திருப்போர், 2025இல் வெளியான மேக்ஓஎஸ் டாஹோதான் இன்டெல் மேக்குகளில் சிலவற்றையாவது ஏற்கும் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்திருப்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: கணினி தாங்குமா என்று பாருங்கள்

விண்டோஸ் 11க்கு மைக்ரோசாப்ட் வகுத்துள்ள குறைந்தபட்சத் தேவைகள் இவை: ஏற்கப்பட்ட பட்டியலில் உள்ள 64 பிட் பிராசசர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், யுஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையில் செக்யூர் பூட் வசதி (துவக்கத்தில் நம்பகமான நிரல்களை மட்டும் அனுமதிப்பது), டிபிஎம் 2.0 (இரகசிய விசைகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி). பிராசசரைப் பொறுத்தவரை, இன்டெலில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பின் வந்தவையும், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையும் அதற்குப் பின் வந்தவையும் என்று தோராயமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். விதிவிலக்குகள் சில உண்டு. மைக்ரோசாப்ட் வழங்கும் பிசி ஹெல்த் செக் என்ற செயலி இவை அனைத்தையும் சோதித்து, எது பொருந்தவில்லை என்று சொல்லும்.

அந்தச் செயலி "இல்லை" என்று சொன்னவுடன் பலர் புதிய கணினி வாங்கத் தொடங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் நிதானிக்க வேண்டும். டிபிஎம் இல்லை என்பது மட்டுமே காரணமாக இருந்தால், அந்தக் கணினியில் டிபிஎம் இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஏற்கப்பட்ட பட்டியலில் உள்ள பிராசசர்களோடு வரும் கணினிகளில் அந்த வசதி பெரும்பாலும் உள்ளடக்கமாகவே இருக்கும். பயாஸ் (கணினி துவங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளில் இன்டெல் என்றால் பிடிடி என்றும், ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்றும் அது குறிக்கப்பட்டிருக்கும். செக்யூர் பூட் இல்லை என்று காட்டினால், விண்டோஸ் பழைய பயாஸ் முறையில் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறை கொண்ட வட்டில் நிறுவப்பட்டிருக்கலாம். விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி, தரவை அழிக்காமல் அந்த வட்டை ஜிபிடி என்ற புதிய வகைக்கு மாற்றித் தரும். மாற்றிய பின் பயாஸிலும் யுஇஎஃப்ஐ முறைக்கு மாற்றினால்தான் கணினி துவங்கும்.

இந்த அமைப்புகளைத் தொடும் முன் கட்டாயமாகச் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. உங்கள் வட்டு விண்டோஸின் பிட்லாக்கர் வசதியால் மறையாக்கம் (உரிய எண் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுதல்) செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணை வேறொரு கருவியிலோ தாளிலோ எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிபிஎம் அமைப்போ துவக்க முறையோ மாறினால், அடுத்த முறை கணினி துவங்கும்போது அந்த எண்ணைக் கேட்கும். எண் இல்லையென்றால் வட்டில் உள்ள எதையும் உங்களாலோ பழுதுபார்ப்பவராலோ படிக்க முடியாது. தாங்கள் மறையாக்கத்தை இயக்கவே இல்லை என்று நம்பிக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் இந்த விபத்து நேர்கிறது. மைக்ரோசாப்ட் கணக்கோடு அமைக்கப்பட்ட பல மடிக்கணினிகளில் அது தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும்.

குறைந்தபட்சத் தேவை என்பது இயங்கத் தொடங்குவதற்கான அளவு. நிம்மதியாக வேலை செய்வதற்கான அளவு அன்று. 4 ஜிபி ரேமில் விண்டோஸ் 11 துவங்கும், ஆனால் உலாவியில் நாலைந்து பக்கங்களைத் திறந்தாலே திணறும். 8 ஜிபிக்குக் குறைவாக இருந்தால் மாற வேண்டாம் என்பது என் பரிந்துரை. அதைவிட முக்கியமானது சேமிப்பு வட்டு. இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் இருந்தால், மேம்படுத்தலைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதை எஸ்எஸ்டி என்ற, சுழலும் பாகமில்லாத வேகமான வட்டுக்கு மாற்றுங்கள். பழைய கணினியின் வேகத்தை இந்த ஒரு மாற்றம் உயர்த்தும் அளவுக்கு வேறு எதுவும் உயர்த்துவதில்லை. கணினி மெதுவாக இருக்கிறது என்பதற்காகவே புதிய இயங்குதளத்தை நாடியவர்களுக்கு, அதன்பின் அந்தத் தேவையே இல்லாமல் போவதும் உண்டு.

தேவைகள் பொருந்தாத கணினியில் சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11ஐ நிறுவும் வழிகள் பரவலாகப் பேசப்படுகின்றன. அப்படி நிறுவிய கணினிகளுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்று மைக்ரோசாப்ட் உத்தரவாதம் தருவதில்லை. 24எச்2 வெளியீடு முதல், பாப்கவுண்ட் போன்ற சில கட்டளைகள் இல்லாத மிகப் பழைய பிராசசர்களில் விண்டோஸ் துவங்குவதே இல்லை. பரிசோதனைக்கென வைத்திருக்கும் கணினியில் இதைச் செய்து பார்ப்பதில் தவறில்லை. பணமோ பிழைப்போ சார்ந்திருக்கும் கணினியில் செய்யாதீர்கள்.

மூன்றாம் படி: உங்கள் வேலை தொடருமா?

வழிகாட்டிகள் பல வேகமாகக் கடந்துபோகும் இடம் இது. என் அனுபவத்தில் மேம்படுத்திய பிறகு வருந்தியவர்களில் பெரும்பாலானோர் இங்கேதான் இடறியிருக்கிறார்கள்.

ஒரு வாரத்துக்கு ஒரு தாளை மேசையில் வைத்துக்கொண்டு, நீங்கள் திறக்கும் ஒவ்வொரு மென்பொருளையும், இணைக்கும் ஒவ்வொரு கருவியையும் எழுதுங்கள். வாரக் கடைசியில், அந்த வாரத்தில் பயன்படாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ தேவைப்படுபவற்றை யோசித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறுவப்பட்ட நிரல்களின் பட்டியலைப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. ஏனெனில் அதில் உங்களுக்குத் தேவையானவையும் என்றோ மறந்துபோனவையும் கலந்தே இருக்கும்.

பட்டியலில் உள்ள மென்பொருள்களைப் பற்றிச் சில பொது விதிகள் உதவும். விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் விண்டோஸில் 32 பிட் நிரல்கள் இயல்பாக ஓடும். ஆனால் 16 பிட் நிரல்கள் ஓடா. பழைய கணக்கு மென்பொருள், நூலகப் பட்டியல் மென்பொருள் போன்றவற்றில் நிரல் 32 பிட்டாக இருந்தும் அதன் நிறுவி மட்டும் 16 பிட்டாக இருப்பதுண்டு. அவற்றை ஏற்கெனவே நிறுவிய கணினியில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், புதிதாக நிறுவ முயலும்போதுதான் சிக்கலை உணர்வார்கள். கருவிகளை இயக்கும் டிரைவர்களுக்கு விதி இன்னும் கண்டிப்பானது: 64 பிட் விண்டோஸ் 64 பிட் டிரைவரை மட்டுமே ஏற்கும். 32 பிட் விண்டோஸ் 10இல் வேலை செய்த பழைய ஸ்கேனரோ அச்சுப்பொறியோ, அதன் தயாரிப்பாளர் 64 பிட் டிரைவர் வெளியிடாமல் விட்டிருந்தால், மேம்படுத்திய அன்றே பயனற்றதாகிவிடும். மேக் உலகில் இந்த எல்லை இன்னும் கடுமையாக விதிக்கப்பட்டது. 2019 அக்டோபரில் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா, 32 பிட் செயலிகளை முற்றிலுமாக நிறுத்தியது; முந்தைய நாள் வரை ஓடியவை மறுநாள் திறக்கவே இல்லை.

உரிமங்களையும் தனியாகக் கவனிக்க வேண்டும். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பல ஆண்டுகளாகப் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருள், இயங்குதளத்தை மாற்றிய பிறகும் நன்றாகவே திறந்தது. ஆனால் கணினி மாறிவிட்டதாகக் கருதி உரிமத்தைப் புதிதாகப் பதியச் சொன்னது. பதிவுக்கான வழங்கி (சர்வர்) எப்போதோ நிறுத்தப்பட்டிருந்தது. மென்பொருளைத் தயாரித்தவர்களைத் தொடர்புகொள்ள வழியில்லை. கோப்புகள் அனைத்தும் என் வட்டில் பத்திரமாக இருந்தும், அவற்றைத் திறக்கும் உரிமை என்னிடம் இல்லை. பழைய இயங்குதளத்துக்குத் திரும்பிச் சென்று, எல்லாக் கணக்குகளையும் பொதுவான விரிதாள் வடிவில் ஏற்றுமதி செய்த பிறகே மீண்டும் மாறினேன். அன்றிலிருந்து, எந்த மென்பொருளாக இருந்தாலும் அதில் உள்ள என் தரவை, அந்த மென்பொருள் இல்லாமலே திறக்கக்கூடிய ஒரு வடிவில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மேம்படுத்தலைத் தொடுகிறேன். உரிம எண்களையும் நிறுவல் கோப்புகளையும் ஒரே கோப்புறையில் சேர்த்து வைப்பதும், கணினிக்குக் கட்டுப்பட்ட உரிமங்களை மாறும் முன் முறைப்படி விடுவிப்பதும் இதே எச்சரிக்கையின் பகுதிகள்.

தமிழில் எழுதுவோர் இன்னொன்றையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். எல்லா மொழிகளுக்குமான பொது எழுத்துத் தரமான யூனிகோடுக்கு முந்தைய குறியாக்கங்களில் தட்டச்சு செய்த பழைய ஆவணங்கள், அவற்றுக்குரிய எழுத்துரு கணினியில் இருந்தால்தான் படிக்கும்படி தோன்றும். இல்லையேல் பொருளற்ற குறிகளாகவே தெரியும். புதிதாக நிறுவும்போது அந்த எழுத்துருக்கள் போய்விடும். எனவே எழுத்துருக் கோப்புகளை எடுத்து வையுங்கள். பழகிய விசைப்பலகை அமைப்பைத் தரும் மென்பொருள் புதிய பதிப்பில் இயங்குகிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: எதற்காக மாறுகிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு ஒரு வாக்கியத்தில் விடை எழுத முடிய வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் நிற்கப்போகிறது, வேலைக்குத் தேவையான மென்பொருள் புதிய பதிப்பைக் கேட்கிறது, புதிய கருவி பழைய பதிப்பில் இயங்கவில்லை ஆகியவை போதிய காரணங்கள். தோற்றம் நன்றாக இருக்கிறது என்பதும், எல்லோரும் மாறிவிட்டார்கள் என்பதும் போதிய காரணங்கள் அல்ல. பழைய கணினி புதிய இயங்குதளத்தால் வேகமாகிவிடும் என்ற எதிர்பார்ப்பும் பெரும்பாலும் ஏமாற்றத்திலேயே முடியும். சுத்தமாக நிறுவிய பின் தெரியும் வேகத்துக்குக் காரணம், தேங்கியிருந்த நிரல்கள் நீங்கியதுதான்.

அந்தக் கணினியை வேறு யாரெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். நமக்குச் சிறிதாகத் தெரியும் இடமாற்றம் ஒன்று, பத்தாண்டுகளாக ஒரே இடத்தில் ஒரே பொத்தானை அழுத்திப் பழகிய வயதானவருக்குப் பெரிய தடையாகிவிடும். அவர்களுக்காக இரண்டு நாட்கள் அருகில் இருந்து கற்றுக்கொடுக்க நேரம் கிடைக்கும் வரை மாற்றத்தை ஒத்திவைப்பதும் நியாயமான காரணமே.

ஐந்தாம் படி: திரும்பி வரும் வழியை முதலில் அமையுங்கள்

திரும்பி வர வழியில்லாதவரால் நிதானமாக முடிவெடுக்க முடியாது. ஆகவே மாறுவதா என்று இன்னும் தீர்மானிக்காதவர்களும் இந்தப் படியை இப்போதே செய்துவிடலாம்.

2018 அக்டோபர் 2 அன்று மைக்ரோசாப்ட் வெளியிட்ட விண்டோஸ் 10இன் 1809 வெளியீடு, சில பயனர்களின் ஆவணங்களையும் படங்களையும் மேம்படுத்தலின்போதே அழித்துவிட்டது. ஆவணக் கோப்புறைகளை வேறு வட்டுக்குத் திருப்பிவிட்டு, பழைய இடத்திலும் சில கோப்புகளை விட்டுவைத்திருந்தவர்கள் அதில் பாதிக்கப்பட்டார்கள்; பழைய கோப்புறை வெறுமையானது என்று கருதி நிரல் அதை நீக்கிவிட்டது. சில நாட்களிலேயே வெளியீடு நிறுத்தப்பட்டு, பிழை திருத்தப்பட்டு, நவம்பர் 13 அன்று மீண்டும் வெளியானது. கோப்புறையை வேறு வட்டுக்கு மாற்றுவது விண்டோஸே அளிக்கும் வசதி; அதைப் பயன்படுத்தியவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. காப்புப்பிரதி வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு மாலை நேர வேலையாக முடிந்தது.

காப்புப்பிரதிக்கு உலகெங்கும் சொல்லப்படும் 3-2-1 விதியை நானும் பின்பற்றுகிறேன். தரவின் மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். அவை இருவேறு வகை ஊடகங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். மேகச் சேமிப்போடு தானாக ஒத்திசைவது காப்புப்பிரதி ஆகாது. கணினியில் ஒரு கோப்பு அழிந்தால் அந்த அழிவும் மேகத்துக்கு ஒத்திசைந்துவிடும். வெளி வட்டில் கோப்புகளை நகலெடுத்த பிறகு, வாய்ப்பிருந்தால் வேறொரு கணினியில் அந்த வட்டைச் செருகி, ஐந்தாறு கோப்புகளையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்புப்பிரதியை நான் காப்புப்பிரதியாக எண்ணுவதில்லை. கோப்புகளோடு, முழு வட்டின் பிம்பத்தையும் (வட்டை அப்படியே எடுத்த நகல்) எடுத்து வைத்தால், இயங்குதளம், மென்பொருள், உரிமம் அனைத்தோடும் பழைய நிலைக்கு அப்படியே திரும்பலாம். மேலே சொன்ன கணக்கு மென்பொருள் விவகாரத்தில் என்னைக் காப்பாற்றியது அத்தகைய ஒரு பிம்பம்தான்.

விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மேம்படுத்தினால், பழைய அமைப்பு தனிக் கோப்புறையில் பத்து நாட்கள் வைக்கப்பட்டிருக்கும். அதற்குள் அமைப்புகளில் உள்ள மீட்புப் பகுதி வழியாகத் திரும்பிவிடலாம். பத்து நாட்களுக்குப் பின் அது நீங்கிவிடும். அதற்குள்ளாகவே நீங்கள் வட்டுச் சுத்திகரிப்பு செய்து அதை அழித்துவிட்டாலும் வழி அடைபடும். மேக்கில் இத்தகைய எளிய வழி இல்லை. வட்டை அழித்துப் பழைய பதிப்பை நிறுவி, மேக்கின் காப்பு வசதியான டைம் மெஷின் பிரதியிலிருந்து மீட்க வேண்டும். உபுண்டுவிலும் முந்தைய வெளியீட்டுக்குப் பின்னோக்கிச் செல்லும் வசதி கிடையாது.

ஆறாம் படி: நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

புதிய வெளியீடு வந்த முதல் வாரத்தில் மாறுவதால் சாதாரணப் பயனருக்கு எந்த நன்மையும் இல்லை. 1809இன் கதையிலேயே, ஆறு வாரங்கள் பொறுத்தவர்களுக்குத் திருத்தப்பட்ட வெளியீடுதான் கிடைத்தது. உபுண்டு இந்தப் பொறுமையைத் தன் நடைமுறையிலேயே வைத்திருக்கிறது: ஒரு நீண்டகால ஆதரவு வெளியீட்டில் இருப்பவர்களுக்கு, அடுத்த நீண்டகால வெளியீடு ஏப்ரலில் வந்தவுடன் அல்லாமல், அதன் முதல் திருத்த வெளியீடு வந்த பிறகே மேம்படுத்தும் அழைப்பு வழங்கப்படுகிறது. விண்டோஸில், உங்கள் கணினியில் உள்ள ஏதேனும் டிரைவரோ மென்பொருளோ புதிய வெளியீட்டோடு மோதுவது தெரியவந்தால், மைக்ரோசாப்ட் அந்தக் கணினிக்கு மட்டும் மேம்படுத்தலைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும். அப்படி நிறுத்தப்பட்டிருக்கும்போது நிறுவல் கோப்பைத் தனியாகப் பதிவிறக்கி வலிந்து நிறுவுவது, சாலை மூடப்பட்டிருக்கிறது என்ற பலகையைத் தள்ளிவிட்டு வண்டியை ஓட்டுவதற்கு ஒப்பானது.

மறுபக்கம், ஆதரவு முடியும் நாளுக்கு முந்தைய வாரம் வரை காத்திருப்பதும் தவறு. ஏதாவது பொருந்தாமல் போனால் பழையதற்குத் திரும்பி மாற்று வழி தேட அவகாசம் வேண்டும். குறைந்தது மூன்று மாதங்களாவது மீதமிருக்கும்போது, தேர்வோ கணக்கு முடிப்போ கெடு வைத்த வேலையோ இல்லாத ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஏழாம் படி: முடிவு

இதுவரை எழுதிய தாள்களை முன்னால் வைத்துக்கொண்டால் முடிவு பெரும்பாலும் தானாகவே தெரியும். கணினி தேவைகளுக்குப் பொருந்துகிறது, பட்டியலில் உள்ள மென்பொருள்களும் கருவிகளும் புதிய பதிப்பில் இயங்கும், காப்புப்பிரதியும் தயார் என்றால் மாறுங்கள். தயங்குவதற்கு ஒன்றுமில்லை, விண்டோஸ் 10இலிருந்து 11க்குக் கட்டணமும் இல்லை.

கணினி பொருந்துகிறது, ஆனால் முக்கியமான ஒரே ஒரு மென்பொருள் மட்டும் தடையாக இருக்கிறது என்றால், உடனே மாறாமல் காத்திருந்து, ஆதரவு முடியும் நாளுக்கு வெகு முன்பே மாற்று மென்பொருளுக்குத் தரவை நகர்த்துங்கள். மாற்றே இல்லாத நிலையில், அந்த மென்பொருள் ஓடும் பழைய கணினியை இணையத்திலிருந்து முற்றிலும் துண்டித்து, அந்த ஒரு வேலைக்கென்று மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற அனைத்துக்கும் வேறு கணினியைப் பயன்படுத்தலாம். துண்டிப்பது என்றால் முழுமையாகத் துண்டிக்க வேண்டும். ஒரே வீட்டு வலையமைப்பில் இணைந்திருந்தாலும் வான்னகிரை போன்றவை பக்கத்துக் கணினியிலிருந்து பரவிவிடும். யுஎஸ்பி வழியாகக் கோப்புகளைக் கொண்டுவரும்போதும் முதலில் புதிய கணினியில் சோதித்துவிட வேண்டும்.

கணினியே பொருந்தவில்லை, ஆனால் நல்ல நிலையில் இருக்கிறது என்றால் லினக்ஸை நேர்மையாகப் பரிசீலியுங்கள். உலாவி, மின்னஞ்சல், ஆவணம், காணொளி ஆகியவற்றோடு வேலை முடிந்துவிடுபவர்களுக்கு லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை போதுமானவை. யுஎஸ்பியிலிருந்து நேரடியாகத் துவக்கி, வட்டில் எதையும் நிறுவாமலே, வைஃபை, ஒலி, அச்சுப்பொறி, தமிழ்த் தட்டச்சு அனைத்தும் இயங்குகின்றனவா என்று ஒரு மாலையில் சோதித்துவிடலாம். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள் ஒன்றைத் தினமும் நம்பியிருப்பவர்களுக்கு மட்டும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அத்தகைய மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் இணக்க அடுக்குகள் உண்டு என்றாலும், பிழைப்பை அவற்றின் மேல் வைப்பது சரியல்ல. மேலே சொன்ன எந்த வழியும் பொருந்தாதவர்களே புதிய கணினி வாங்க வேண்டியவர்கள்.

எட்டாம் படி: மாறும் நாளும் அடுத்த பத்து நாட்களும்

இருப்பதன் மேலேயே மேம்படுத்துவதா, வட்டை அழித்துப் புதிதாக நிறுவுவதா என்பதில், கணினி ஒழுங்காக இயங்கிக்கொண்டிருந்தால் முதலாவதையே தேர்ந்தெடுங்கள். மென்பொருள்களும் அமைப்புகளும் அப்படியே தொடரும், பத்து நாள் திரும்பும் வசதியும் இருக்கும். ஏற்கெனவே அடிக்கடி முடங்கும் கணினி என்றால் புதிதாக நிறுவுவதே நல்லது. தொடங்கும் முன் பயாஸையும் முக்கிய டிரைவர்களையும் தயாரிப்பாளர் தளத்திலிருந்து புதுப்பித்து, வட்டில் போதிய இடம் விட்டு, வெளி வட்டுகளையும் அச்சுப்பொறியையும் கழற்றி, மடிக்கணினியை மின்சாரத்தில் இணைத்துவிடுங்கள். நடுவில் எவ்வளவு நேரம் நின்றுபோனதுபோலத் தோன்றினாலும் மின்பொத்தானை அழுத்தி அணைக்காதீர்கள்.

முடிந்ததும் முதல் வேலை, திருத்தங்கள் அனைத்தையும் நிறுவுவது. அடுத்து, மூன்றாம் படியில் எழுதிய தாளை எடுத்து, அதில் உள்ள ஒவ்வொன்றையும் உண்மையாகவே செய்து பாருங்கள்: மென்பொருள் திறக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், ஒரு கோப்பைத் திருத்திச் சேமித்து, அச்சிட்டு, ஸ்கேன் செய்து, காணொளி அழைப்பு ஒன்றும் பேசிப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை பயன்படும் மென்பொருளையும் இந்தப் பத்து நாட்களுக்குள் திறந்துவிட வேண்டும். மறையாக்கம் புதிதாக இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, மீட்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எட்டாம் நாளில் தாளை மீண்டும் ஒரு முறை படித்து, தீராத குறை ஏதேனும் இருந்தால் அன்றே பழைய பதிப்புக்குத் திரும்பிவிடுங்கள். குறை இல்லையென்றால், புதிய அமைப்பின் முழுப் பிம்பம் ஒன்றை எடுத்து, பழைய பிம்பத்தின் அருகிலேயே நாள் எழுதி வையுங்கள். பழையதை ஓராண்டு கழித்து அழிக்கலாம்.